நாற்றம் போன பிறகு

மேல்விஷாரம் தோல் டேனரியில் வேலை முடித்து பஸ் ஏறுகிறவனுக்கு உட்கார இடம் கிடைக்காமல் போனதே இல்லை. பக்கத்துச் சீட்டுக்காரர் மூக்கைத் தடவிக்கொண்டே எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய்விடுவார். காசி இதை ஒரு வேடிக்கையாகத்தான் எல்லோரிடமும் சொல்வான். “நமக்கு மட்டும் எப்பவும் ரிசர்வேஷன்” என்பான். சொல்லும்போது கேட்கிறவர் முகத்தைப் பார்க்க மாட்டான், வேறு எங்கேயாவது பார்ப்பான்.

அவன் இருந்தது சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, மயிர் கழன்று வரும் பதத்தில் இழுத்துப் போடுகிற வேலை. டேனரியிலேயே அதிகம் நாறுகிற இடம் அதுதான். அந்த நாற்றம் நகக்கண்ணில் ஏறும், காதுமடலுக்குப் பின்னால் போய் உட்காரும், தலையணை உறையில் தங்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அமிர்தவள்ளி அந்த உறையைத்தான் வாரம் தவறாமல் துவைத்துக்கொண்டிருந்தாள்.

ஆற்காட்டுக்கு இந்தப் பக்கம், பாலாற்றை ஒட்டிய ஒரு தெருவில் அவர்கள் வீடு. ஒரு ஹால், ஒரு சமையல் அறை, பின்னால் ஷீட் போட்ட குளியலறை. பாரதி என்று ஒரே பெண், நாலாவது படிக்கிறாள். காசியைப் பற்றித் தெருவில் ஒரு குறை சொல்ல ஆள் கிடையாது. பெண்டாட்டி மேல் கை வைக்க மாட்டான். சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் குடிப்பான், குடித்தால் சத்தமில்லாமல் தூங்கிவிடுவான். காலையில் மகளுக்குத் தலைவாரி இரட்டைப் பின்னல் போட்டு, வண்டியில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் பஸ் ஏறுவான். “உனக்கு இன்னாடி, கோயில் கட்டி கும்பிடலாம் அவர” என்று தெருப் பெண்கள் அமிர்தவள்ளியிடம் சொல்வார்கள். அவள் சிரித்து வைப்பாள். கோயில் கட்டிக் கும்பிட்ட மாதிரிதான் இருந்தது அவள் வாழ்க்கையும். சாமியைத் தொட முடியாதே.

விஷயம் இதுதான். காசிக்கு அந்த ஆசை வருவதில்லை.

எப்போது போனது என்று அவனுக்கே தெரியாது. கல்யாணமான புதிதில் இருந்தது. இருந்தது என்றால், தொட்டியடியில் மற்றவர்கள் பீற்றிக்கொள்கிற அளவுக்கு இல்லை, அளவாக இருந்தது. பாரதி பிறந்த பிறகு மெல்ல மெல்லக் குறைந்து, ஒருநாள் யோசித்துப் பார்த்தபோது சுத்தமாக இல்லை. உடம்பு ஒத்துழைக்காத சங்கதி இல்லை இது. மனசில் அந்த நினைப்பே எழவில்லை. பசியே இல்லாதவனைப் பந்தியில் பிடித்து உட்கார வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. இலையில் விழுந்ததெல்லாம் நல்ல சாப்பாடுதான். பரிமாறுகிறவளும் அவன் உயிருக்குயிரானவள்தான். ஆனால் பசித்தால்தானே! வேலையிடத்தில் ஆண்கள் கூடி அந்தப் பேச்சுப் பேசும்போது, எந்த இடத்தில் சிரிக்க வேண்டுமோ அந்த இடத்தில் சரியாகச் சிரிப்பான். அதில் அவனுக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது.

அமிர்தவள்ளி அப்படி இல்லை. கலவை ஊரில் பிறந்து வளர்ந்தவள், அத்தை மகள், சின்ன வயதிலிருந்தே “மாமா, மாமா” என்று அவன் பின்னால் சுற்றியவள். அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வீட்டில் சாதித்துக் கட்டிக்கொண்டாள். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அவளுக்கு வேலை. ஷூவின் மேல்பாகத் தோல் துண்டுகளை சொல்யூஷன் தடவி ஒட்டுகிற டேபிளில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தாலும் வீட்டில் அவள் குரல்தான் கேட்கும். அவளுக்கு அவன் வேண்டியிருந்தது. கூடமாட உதவுகிற புருஷனாகவும் மகளுக்கு நல்ல அப்பனாகவும் அவன் இருந்தது போதவில்லை, ஆம்பிளையாகவும் வேண்டியிருந்தான். பெண்ணுக்கு ஆசை உண்டு என்பதை ஊர் வெளியில் ஒத்துக்கொள்ளாது. ஊரை யார் கேட்டார்கள்? டிவி பார்க்கும்போது காலை நீட்டி அவன் கால்மேல் போட்டுக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை பூ வாங்கி வந்து, “வெச்சி வுடு மாமா” என்று தலையைத் திருப்பிக் காட்டுவாள். அவனும் வைத்துவிடுவான். வைத்துவிட்டு, வண்டிக்குக் காற்றுப் பிடிக்க வேண்டும் என்று வெளியே போய்விடுவான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் அவளாகவே ஒரு வழியைத் திறந்துவிட்டாள். அவள் நெருங்கி வந்தாள், அவன் நகர்ந்து படுத்தான். அவள் அவன் முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

“நாத்தம் அடிக்குதுன்னு கூச்சப்படறியா மாமா?”

காசி அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயும் எடுத்தான். ஆனால் கொட்டும் மழையில் யாரோ குடையை நீட்டின மாதிரி இருந்தது அவள் கேட்டது. பிடித்துக்கொண்டான்.

“ஆமா அமிர்தம். என் மேல எனக்கே குமட்டுது. இத வெச்சிக்கினு உன்கிட்ட எப்படி வர்றது?”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சுண்ணாம்பில் வெந்து வெடித்திருந்த அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். “எனக்கு அதெல்லாம் ஒண்ணுமே தெரியல மாமா” என்றாள். டேனரி குடும்பங்களில் இந்தக் கூச்சம் எல்லோருக்கும் உள்ளதுதான். விசேஷ வீட்டில் பந்தியின் கோடியில் உட்காருகிறவர்கள், பள்ளிக்கூடக் கூட்டத்தில் வாசலிலேயே நின்றுவிடுகிற அப்பாக்கள் என்று அவள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள். அதனால் சந்தேகமே படாமல் நம்பினாள். பாதி உண்மை கலந்த பொய்க்கு எப்போதுமே ஆயுசு கெட்டி.

அன்றிலிருந்து காசி அந்த நாற்றத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டான். வேலை முடிந்ததும் எல்லோரும் கம்பெனிக் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டுக் கிளம்புவார்கள். அவன் காலை மட்டும் கழுவிக்கொண்டு கிளம்புவான். அவனுக்கு மேஸ்திரியாக இருந்த தன்சீல் அகமது ஒருநாள் கேட்டே விட்டார்.

“இன்னாடா காசி, முன்னெல்லாம் நீதான் ஜாஸ்தி நேரம் குளிப்ப. இப்ப சோப்பு தீந்துபோச்சா?”

“வீட்ல போய் குளிச்சிக்கறேன் பாய். அமிர்தம் வெந்நீர் வெச்சித் தருது.”

“நல்லா இரு தோஸ்த். எனக்கெல்லாம் எவ வெக்கிறா வெந்நீரு” என்று சிரித்துவிட்டுப் போனார்.

வெந்நீர் வைத்தது நிஜம். நாற்றத்தோடு ஒரு போரே தொடுத்திருந்தாள் அமிர்தவள்ளி. எலுமிச்சைத் தோல், கடலை மாவு, புளித்த தயிர், வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் என்று ஒன்று விடவில்லை. பக்கத்துத் தெரு ஹலீமா பீயின் புருஷனும் அந்தக் காலத்து டேனரி ஆள்தான். அந்த அம்மாள் ஒரு சின்னக் குப்பியில் அத்தர் கொடுத்தார். அதைப் பூசினால் நாற்றமும் வாசனையும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று வந்தது. பாரதி விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில் அமிர்தவள்ளியே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவனைக் குளியலறையில் உட்காரவைத்து முதுகு தேய்த்துவிட ஆரம்பித்தாள்.

அந்த நேரம் காசிக்குப் பிடித்திருந்தது. முதுகில் அவள் உள்ளங்கை ஏறி இறங்குவதும், கம்பெனியில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்று அவள் கதை அளப்பதும் அவனுக்குச் சொர்க்கமாக இருந்தது. அந்தக் கை அதோடு நின்றுவிடும் என்று யாராவது உத்தரவாதம் தந்திருந்தால், தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். நின்றுவிடாது என்பதுதான் பயம். இன்றைக்கு மடியில் தலை வைத்தால் அவள் நாளைக்கு வேறொன்றை எதிர்பார்ப்பாள் என்று, மடியில் தலை வைப்பதையும் விட்டான். தோளில் கை போடுவதை விட்டான். பூ வைத்துவிடுவதும் நின்றது. ஆசை ஒன்று இல்லாமல் போனதற்காக, இருந்த அன்பையும் ஒவ்வொன்றாக மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டான் அந்த மடையன்.

சும்மாவும் இருந்துவிடவில்லை. மாதத்துக்கு ஒருநாள் வேலூர் லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியர் ஒருவரைப் போஸ்டரில் பார்த்துப் போனான். அவர் நாடியைக்கூடச் சரியாகப் பிடிக்கவில்லை. சின்ன வயசுத் தப்புகள் என்று ஆரம்பித்து ஒரு பெரிய பிரசங்கம் செய்துவிட்டு, ஒரு டப்பா லேகியத்தைக் கையில் கொடுத்தார். அதைத் தின்றதில் வயிறு போனதுதான் மிச்சம். அதற்கப்புறம் டேனரியில் நடந்த மருத்துவ முகாமில் யாரோ சொல்லக் கேட்டு, வேலூர்ப் பக்கம் பாகாயத்தில் தனியாகக் கிளினிக் வைத்திருந்த டாக்டர் ஜெயசீலனைப் போய்ப் பார்த்தான். வீட்டில் பி.எஃப். ஆபீசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

டாக்டர் நல்ல மனிதர். அவசரப்படாமல் கேட்டார். சர்க்கரை உண்டா, பிரஷர் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறானா, தூக்கம் எப்படி, மனசு எப்போதும் சோர்ந்தே கிடக்கிறதா, வேறு யார்மேலாவது நினைப்பு வருகிறதா. யார்மேலும் வருவதில்லை என்றான் காசி. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அடுத்த தடவை போனபோது டாக்டர் சொன்னார்.

“சர்க்கரை இல்ல. தைராய்டு நல்லா இருக்கு. ஹார்மோனும் இருக்க வேண்டிய அளவுல இருக்கு. நோய்னு சொல்ல ஒண்ணும் இல்ல காசி.”

காசியின் முகம் விழுந்துவிட்டது. நோய் என்று ஏதாவது இருக்கும் என்று நம்பித்தான் அவன் அவ்வளவு தூரம் வந்திருந்தான். நோய் இருந்தால் அமிர்தவள்ளியிடம் சொல்லலாம். மாத்திரை டப்பாவைக் காட்டலாம். அவளும் பாவம் என்பாள், வேளாவேளைக்கு எடுத்துக் கொடுப்பாள்.

“அப்ப ஏன் சார் எனக்கு மட்டும் இப்படி?”

“உங்களுக்கு மட்டும் இல்ல. நெறைய பேருக்கு உண்டு, யாரும் வெளிய சொல்றதில்ல. உயரம் மாதிரி, பசி மாதிரி, ஆசையும் ஆளுக்கு ஆள் வித்தியாசம். சிலருக்கு கம்மியாதான் இருக்கும். வேலைக் களைப்பு, கவலை, குடி எல்லாம் இன்னும் கொறைக்கும். குடிய நிறுத்துங்க, நல்லா தூங்குங்க, கொஞ்சம் நடங்க. அதுல கொஞ்சம் மாறலாம். ஆனா முக்கியமா அவங்கள கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கு இது தெரியுமா?”

“தெரியாது சார்.”

“அவங்க இன்னா நெனச்சிட்டு இருக்காங்க?”

காசி நாற்றக் கதையைச் சொன்னான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார்.

“முதல்ல அதைச் சொல்லிடுங்க. ஆசை இல்லன்னா தொடவே கூடாதுன்னு இல்ல. பக்கத்துல உக்காரலாம், கட்டிப் புடிச்சிட்டுத் தூங்கலாம். இவ்வளவுதான் என்னால முடியும், அது உன் தப்பு இல்லன்னு அவங்களுக்குத் தெரியணும். தெரிஞ்சிட்டா ரெண்டு பேரும் சேந்து ஒரு வழி பண்ணலாம். தெரியாம வெச்சிருந்தீங்கன்னா அவங்க வேற ஏதாவது அர்த்தம் பண்ணிக்குவாங்க.”

சரி சார் என்று எழுந்து வந்தான். குடியை விட்டான், நேரத்துக்குத் தூங்கினான், விடியற்காலையில் பாலாற்றுப் பாலம் வரைக்கும் நடந்தான். உடம்பு இளைத்தது, பசி நன்றாக எடுத்தது. அந்தப் பசி மட்டும் எடுக்கவில்லை. சொல்லச் சொன்னதைச் சொல்லவும் இல்லை. எப்படிச் சொல்வது? எந்தப் பக்கம் திருப்பிச் சொன்னாலும் கடைசியில் “நீ எனக்கு வேண்டாம்” என்றுதான் அது அவள் காதில் விழும் என்று தோன்றியது. அவளிடம் போய் அதைச் சொல்வதற்குப் பதில் இன்னும் கொஞ்ச காலம் நாறிவிட்டுப் போகலாம்.

ஆனால் அமிர்தவள்ளி சும்மா இருக்கிற ஆளா? ஒருநாள் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

“மாமா, எங்க கம்பெனில பேக்கிங் செக்ஷன்ல ஆள் எடுக்கறாங்க. ஷர்மிளா மேடத்துகிட்ட உனக்காக சொல்லி வெச்சிட்டேன். அட்டப் பொட்டில ஷூவ வெச்சி ஒட்டற வேலதான். ஒரு நாத்தம் இல்ல. திங்கக்கெழம வரச் சொன்னாங்க.”

ஷர்மிளா அவளுடைய லைன் சூப்பர்வைசர். அந்த அம்மாளைப் பிடிக்க அமிர்தவள்ளி எத்தனை நாள் பின்னால் அலைந்தாளோ!

“சம்பளம் கம்மியா வருமே அமிர்தம்.”

“நான் ஓவர்டைம் பாக்கறேன். அது என் கவல.”

“இத்தினி வருஷ சர்வீசு…”

“சர்வீச இன்னா பண்றது? நீ இன்னும் எத்தினி வருஷம்தான் சொந்த வீட்ல அசலாள் மாதிரி தள்ளித் தள்ளிப் படுத்துக்குவ?”

திங்கட்கிழமை போனான். அதற்கு முன் டேனரியில் கணக்கு முடித்துக் கிளம்பியபோது, தன்சீல் அகமது மட்டும் மனசு கேட்காமல் டேனரி வாசல்வரை கூட வந்தார். “போறதுதான் போற, இங்க இருக்கறவன்ல ஒருத்தனாவது நல்ல காத்து வாங்கட்டும்” என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

பேக்கிங் செக்ஷனில் எல்லாமே புதுசு. புது ஷூ, புதுத் தாள், புது அட்டைப்பெட்டி. மாதம் ஒன்று ஆவதற்குள் சுண்ணாம்பு வெடிப்பு ஆறி, கை வழுவழு என்று ஆகிவிட்டது. பஸ்ஸில் ஆட்கள் அவன் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார்கள். அது ஒரு சந்தோஷமாகத்தான் இருந்தது அவனுக்கு. தலையணை உறையை மோந்து பார்த்துவிட்டு அமிர்தவள்ளி கைதட்டிச் சிரித்தாள். வீடே ஏதோ விசேஷத்துக்குத் தயாராகிற மாதிரி இருந்தது. காசி மட்டும் நாளுக்கு நாள் படுக்கப் போகிற நேரத்தைத் தள்ளிப்போட்டான்.

பரீட்சை லீவு வந்தது. பாரதியைக் கலவைக்கு மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அமிர்தவள்ளி கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து அவன் பக்கத்தில் படுத்தாள். தலைக்குக் குளித்திருந்தாள், கருநீலத்தில் புதுப் புடவை கட்டியிருந்தாள். அவன் கழுத்தில் முகத்தை வைத்து நீளமாக மூச்சு இழுத்தாள்.

“புது நோட்டு மாதிரி வாசனையா இருக்க மாமா” என்றாள். குரலில் அப்படி ஒரு குழைவு. அவன் அசையாமல் கிடந்தான். அவள் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

“இப்ப இன்னா மாமா? இப்பவும் கூச்சமா?”

மூலையில் மாட்டிக்கொண்டவன் கையில் அகப்பட்டதை எடுத்து வீசுவான். காசியின் வாயில் அகப்பட்டது இதுதான்.

“உன் மேல சொல்யூஷன் வாசன ஜாஸ்தியா இருக்கு அமிர்தம். தல நோவுது.”

அவனைப் பிடித்துக் கன்னத்தில் நாலு வைக்க அங்கே யாரும் இல்லை. அமிர்தவள்ளி மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். புறங்கையை மூக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு ரவிக்கையின் தோள்பட்டையை மோந்து பார்த்தாள்.

“எனக்குத் தெரியவே இல்லியே” என்றாள். “நாள் பூரா அதுலயே நிக்கறனா, பழகிப்போச்சு போல.”

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. எழுந்து போய் இன்னொரு தடவை குளித்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் நடமாட்டமே மாறிப்போனது. கம்பெனியிலிருந்து வந்ததும் மண்ணெண்ணெய் தொட்டுக் கைகளைத் தேய்த்தாள். தோல் உரிந்து எரிந்தது, எரிச்சலோடு சோறு பிசைந்தாள். டிவி பார்க்கும்போது எதிர்ச் சுவரோரமாகத் தனியாக உட்கார்ந்தாள். வேறு செக்ஷனுக்கு மாற்றச் சொல்லி ஷர்மிளாவிடம் கேட்டாள். “ஒட்டறதுல உன் கை மாதிரி வேற கை இல்ல, வுட மாட்டாங்க” என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாள். கம்பெனி பஸ்ஸில் பேசிச் சிரித்துக்கொண்டு வருகிறவள், கடைசி சீட்டில் ஜன்னலோரம் போய் உட்கார ஆரம்பித்தாள். நாற்றத்தைப் பற்றித் தெரிந்தவள் இல்லையா, என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

காசி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தான், தினமும் மென்று விழுங்கினான். லீவு முடிந்து பாரதி திரும்பி வந்தாள். வந்ததும் வழக்கம்போல ஓடிப்போய் அம்மா மடியில் விழுந்தாள். அமிர்தவள்ளி அவளைத் தூக்கித் தள்ளி உட்காரவைத்தாள்.

“அம்மா மேல மருந்து நாத்தம்டி. அப்பாகிட்ட போய் படு, போ.”

பிள்ளை ஒன்றும் புரியாமல் காசியைப் பார்த்தது. தான் ஒருவன் தப்பிப்பதற்காகப் பெற்ற பிள்ளையை அம்மா மடியிலிருந்து இறக்கிவிட்டோமே என்று அவனுக்கு அவன்மேலேயே வெறுப்பு வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பிள்ளை தெருவில் விளையாடப் போன நேரம் பார்த்து, டாக்டர் சொன்ன வார்த்தைகளை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அமிர்தம், உன் மேல ஒரு வாசனையும் இல்ல. அன்னிக்கு நான் சொன்னது பொய்.”

அவள் நிமிர்ந்தாள்.

“டேனரி நாத்தம்னு சொன்னதும் பொய்தான். எனக்கு அந்த நெனப்பே வர்றதில்ல. ரொம்ப வருஷமாவே இல்ல. ஏன்னு தெரியல. உன்ன புடிக்காம இல்ல, உன்ன வுட்டா எனக்கு யாரு இருக்காங்க? அந்த ஆச மட்டும் என்கிட்ட இல்ல. உன் தப்பு ஒண்ணும் இல்ல அமிர்தம். சொல்ல பயந்துக்கினு நாத்தத்து மேல பழிய போட்டேன். அப்பறம் உன் மேலயே போட்டுட்டேன்.”

வாழ்க்கையில் அவன் இவ்வளவு நீளமாக எதையும் பேசியதில்லை. அவள் அழுவாள், கத்துவாள், தட்டைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தான். எறியட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தான். அமிர்தவள்ளி அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு லேசாகச் சிரித்தாள். பாரதி கிறுக்கிய படத்தைப் பார்த்து நல்லாயிருக்கு என்று சொல்லும்போது சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

“நீ நல்லவன் மாமா” என்றாள். “நீ டேனரில இருந்தப்ப உன் பக்கத்துல படுத்தா எனக்குக் கொமட்டிக்கினு வரும். எத்தினியோ நாள் வெளிய போய் வாந்தி எடுத்துட்டு, வாய கொப்புளிச்சிட்டு வந்து படுத்துக்கினு இருக்கேன். ஒருநாளாவது உன்கிட்ட சொல்லி இருக்கேனா? நீ கேட்டப்பல்லாம் ஒண்ணுமே தெரியல மாமான்னுதான் சொன்னேன். இப்ப நீயும் எனக்காக அதையேதான் சொல்ற.”

“அய்யோ, இல்ல அமிர்தம். சத்தியமா. பாரதி மேல சத்தியமா. பாகாயத்துல டாக்டருகிட்ட கூட போய்ப் பாத்தேன்.”

அவள் கையிலிருந்த வெங்காயம் தட்டில் விழுந்தது.

“டாக்டருகிட்ட போனியா? இன்னா சொன்னாரு?”

“ஒரு நோயும் இல்லன்னாரு.”

சொன்ன பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. அவள் தலையை மெதுவாக ஆட்டினாள்.

“பாத்தியா? உனக்கு ஒண்ணுமே இல்ல. நல்லா இருக்கற மனுசன் என்னால டாக்டர் வரைக்கும் போயிருக்க.”

“அப்படி இல்ல அமிர்தம். வா, ரெண்டு பேருமா போலாம். அவரே உன்னத்தான் கூட்டிட்டு வரச் சொன்னாரு. அவரு சொன்னா நம்புவ இல்ல?”

“கதவ சாத்திக்கினு, ஏசி போட்டுக்கினு உக்காந்து இருப்பாரு. இந்த நாத்தத்தோட அங்க போய் நான் உக்காரணுமா? வேணாம் மாமா. இருக்கற பேஜாரு போதும்.”

அவன் இன்னும் என்னென்னவோ சொன்னான். திருப்பித் திருப்பிச் சொன்னான். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் இரக்கம்தான் கூடிக்கொண்டே போனது. பாவம், தனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டுப் பொய் சொல்கிறான் என்கிற இரக்கம். இத்தனை வருஷம் பொய்யைச் சொன்னபோது ஒரு கேள்வி கேட்காமல் நம்பியவள், இந்த ஒரு உண்மையை நம்ப மாட்டேன் என்றாள். கடைசியில் அவன் தோளைத் தட்டப் போனாள், பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டாள்.

“வுடு மாமா. எனக்கு ஒண்ணும் இல்ல. இனிமே உன்ன தொந்தரவு பண்ண மாட்டேன். நீயும் எனக்காக இதெல்லாம் சொல்லிக்கினு இருக்காத.”

வெங்காயத்தை அரிந்தாள், குழம்பு வைத்தாள். சாப்பாடு ஆனதும் பாயை எடுத்துக்கொண்டு போய் வாசல் பக்கமாக, காற்று வெளியே போகிற இடத்தில் விரித்து, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிப் படுத்தாள். காசி உள்ளே படுத்திருந்தான். இனி அவள் பக்கத்தில் வரமாட்டாள். பூவோடு வந்து நிற்கமாட்டாள், காலைத் தூக்கி மேலே போடமாட்டாள், எதையும் கேட்கமாட்டாள். அது அவனுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. தெரிந்த அந்த நிமிஷத்தில், எத்தனையோ வருஷமாக இறுகிக் கிடந்த அவன் உடம்பு தானாகத் தளர்ந்தது. நிம்மதியாக ஒரு மூச்சு வந்தது. அது நிம்மதிதான் என்று புரிந்ததும் காசி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அவளுக்குக் கேட்காமல் அழுதான்.